பழைய நீர்மூழ்கியை வாங்கும் கடற்படைகள் செய்யும் தவறுகள்

அதிகம் ஓடாத கப்பல் என்றால் தேய்மானமும் இருக்காது என்று நம்புவதுதான் முதல் தவறு. 1998-இல் கனடா, பிரிட்டனிடமிருந்து நான்கு அப்ஹோல்டர் வகை டீசல் நீர்மூழ்கிகளை வாங்கியபோது அவை நல்ல பேரமாகத்தான் தெரிந்தன. 1990-களின் தொடக்கத்தில் படையில் சேர்ந்து, 1994-லேயே பணியிலிருந்து விலக்கப்பட்டவை. வயது குறைவு, விலையும் குறைவு. ஆனால் வருடக்கணக்கில் உப்புநீரில் சும்மா நிற்கும் கப்பலில் ரப்பர் சீல்கள் இறுகும், வால்வுகள் அரிக்கும், மின் இணைப்புகளில் ஈரம் ஏறும். நின்ற காலத்தில் என்ன பராமரிப்பு நடந்தது என்ற பதிவேட்டைக் கேட்காமல் விலை பேசவே கூடாது.

அந்த நான்கில் ஒன்றுதான் சிகூட்டிமி. 2004 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனிலிருந்து கனடாவுக்குக் கிளம்பிய மறுநாளே, அயர்லாந்துக்கு அப்பால் கொந்தளிப்பான கடலில், பழுதுபார்க்கும் வேலைக்காகக் கப்பலுக்குள் இறங்கும் கோபுரத்தின் மேல் மூடி, கீழ் மூடி இரண்டையும் திறந்து வைத்திருந்தார்கள். ஓர் அலை உள்ளே புகுந்து கிட்டத்தட்ட 2,000 லிட்டர் கடல்நீரைக் கொட்டியது. அது மின் கேபிள் இணைப்புகளை எட்டியதும் தீப்பொறி கிளம்பி, தீ பிடித்தது. புகையில் பாதிக்கப்பட்ட இளம் அதிகாரி ஒருவர் இறந்துபோனார். மூன்று அடுக்கு நீர்க்காப்பு தேவைப்பட்ட கேபிள் இணைப்பில் ஒரே அடுக்குதான் இருந்தது. இரண்டு மூடிகளைத் திறந்தது மனிதர்களின் முடிவு, மெல்லிய காப்பு கப்பலோடு கூடவே வந்த குறை. ஒன்று மட்டும் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். விற்பவரின் ஒப்படைப்புச் சான்றிதழை நம்பாமல் இணைப்புகளைப் பிரித்துப் பார்ப்பதும், குழுவினர் கப்பலை நன்றாகப் பழகும்வரை மோசமான கடலுக்குள் அனுப்பாமல் இருப்பதும் ஏன் அவசியம் என்பது இங்கே புரியும். சிகூட்டிமி முறையாகப் பணிக்குத் திரும்ப 2015 ஆகிவிட்டது.

அடுத்தது ஆழம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூழ்கும்போது கப்பலின் ஓடு, அதாவது அழுத்தத்தைத் தாங்கும் எஃகு உடல், சுருங்குகிறது, எழும்போது விரிகிறது. பல வருடங்களில் வெல்டிங் தையல்கள் களைத்துப்போகும். கட்டியபோது எழுதிய ஆழ வரம்பை அப்படியே எடுத்துக்கொள்வது உயிரோடு விளையாடுவது. ஓட்டின் தடிமனை அல்ட்ராசவுண்டால் அளந்து, புது வரம்பை எழுத வேண்டும். கனடாவின் விக்டோரியா நீர்மூழ்கியின் ஓட்டில் ஒரு பள்ளம் பின்னால்தான் கண்ணில் பட்டது.

பேட்டரியிலும் கவனம் வேண்டும். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் வெடிக்கலாம். கடல்நீர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்ட விசிறிகளும் வாயு உணரிகளும் புதியவையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உதிரி பாகங்களைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. அப்ஹோல்டர் வகையில் மொத்தமே நான்குதான் கட்டினார்கள். அந்த மாதிரி அரிய வகையில், ஒரு கப்பலில் கழற்றி இன்னொன்றில் மாட்டும் பழக்கம் வந்துவிடும். அப்புறம் எந்தப் பாகம் எவ்வளவு காலம் ஓடியது என்ற கணக்கே குழம்பிப்போகும்.

கடைசியாக ஒன்று: முதல் முறை மூழ்குவதற்கு முன்பே மீட்பு ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். மூழ்கிய கப்பலிலிருந்து ஆட்களை மேலே கொண்டுவரும் சிறு மீட்பு வாகனம் வந்து பொருந்தும் வளையம் தப்பிக்கும் மூடியைச் சுற்றி சரியாக இருக்கிறதா, அந்த வாகனத்தை யார் அனுப்புவார்கள், எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை எழுத்தில் வாங்கி, ஒரு முறையாவது பயிற்சியாகச் செய்து பார்த்துவிட வேண்டும்.