முதல் ஜாபைத் தூக்கிப் போடாதீர்கள்

பயிற்சி ஆசிரியர்களே, ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் சேரும் பிள்ளைகள் பலர், ‘படிப்பு வராது’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே வருகிறார்கள். அரம் பிடித்து ராவும் முதல் இரும்புத் துண்டு, அதாவது முதல் ‘ஜாப்’, கோணலாகத்தான் இருக்கும். அதை எல்லோர் முன்னாலும் காட்டித் திட்டாமல், தேதி எழுதி எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பழையதையும் புதியதையும் அவர்கள் கையிலேயே கொடுத்து, ட்ரை ஸ்கொயர் (செங்கோணம் சரிபார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழையதில் இடுக்கு வழியே வெளிச்சம் தெரியும். புதியதில் அது குறைந்திருக்கும். எவ்வளவு பாராட்டினாலும் வராத நம்பிக்கை, தன் கண்ணால் இதைப் பார்க்கும்போது வருகிறது.

அப்புறம், ஒழுங்காக வந்த பிள்ளை திடீரென லீவு போட்டால் தனியாகக் கூப்பிட்டு, “சாப்பிட்டியாப்பா?” என்று பேச்சைத் தொடங்குங்கள். மனம் ரொம்ப உடைந்திருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.