அனோஹனா: பதினொரு எபிசோடுகளையும் பார்க்கும் முறை

முதலில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். அனோஹனா என்ற ஜப்பானிய அனிமே தொடரில் எபிசோடின் கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுதிப் பாடலின் கிதார் அடியில் கேட்க ஆரம்பித்துவிடும். யாரோ ஒருவர் சொல்ல வந்ததைத் தொண்டையிலேயே விழுங்கிக்கொண்டு நிற்பார், அதன் மேல் பாட்டு ஏறும். அதற்குப் பிறகு வரும் ஒன்றரை நிமிடத்தில்தான் அதுவரை பார்த்தது உள்ளே இறங்குகிறது. அந்த நேரத்தில் திரை மூலையில் ‘அடுத்த எபிசோடு’ என்று ஒரு கட்டம் முளைத்து எண்ணத் தொடங்கினால் எல்லாம் போச்சு. தொடக்கப் பாடலை வேண்டுமானால் மூன்றாவது முறையிலிருந்து தாண்டிக்கொள்ளுங்கள். இறுதிப் பாடலை ஒருமுறைகூடத் தாண்டாதீர்கள்.

அந்தப் பாடல் இந்தத் தொடருக்காக எழுதப்பட்டதல்ல. ஸோன் என்ற பெண்கள் குழு 2001 ஆகஸ்டில் வெளியிட்ட ‘சீக்ரெட் பேஸ்’ அது. பத்து வருடம் கழித்து ஆகஸ்டில் மறுபடி சந்திப்போம் என்று நண்பர்கள் பிரியும் பாட்டு. தொடர் ஒளிபரப்பானது 2011-இல், அதாவது சரியாகப் பத்து வருடம் கழித்து. தொடரில் அதைப் பாடுவது மென்மா, அனாரு, ட்சுருகோ ஆகிய மூன்று கதாபாத்திரங்களுக்கும் குரல் கொடுத்த நடிகைகளேதான். அதனால் குரல் ஜப்பானிய மொழியிலும் சப்டைட்டில் உங்களுக்கு வசதியான மொழியிலும் இருக்கட்டும். டப்பிங்கில் பார்த்தால் பேசுகிற குரல் ஒன்று, பாடுகிற குரல் இன்னொன்று ஆகிவிடும்.

கதை இதுதான். ஆரம்பப் பள்ளி வயதில் ஆறு பேர், மலைக்காட்டில் ஒரு குடிசையை ரகசியத் தளமாக வைத்து விளையாடியவர்கள். அதில் மென்மா ஒரு கோடையில் ஆற்றில் இறந்துபோகிறாள். மற்ற ஐவரும் இப்போது பத்தாம் வகுப்பு வயதில், ஆளுக்கொரு பக்கம். பள்ளிக்கே போகாமல் வீட்டில் கிடக்கும் ஜிந்தானின் கண்ணுக்கு மட்டும் மென்மா தெரிகிறாள். தன் ஆசை ஒன்றை நிறைவேற்றித் தரச் சொல்கிறாள், ஆனால் அது என்ன ஆசை என்று அவளுக்கே நினைவில்லை. இவ்வளவும் முதல் எபிசோடிலேயே வந்துவிடும். தயாரிப்பு ஏ-1 பிக்சர்ஸ், இயக்கம் நாகாய் தட்சுயுகி, எழுத்து ஒகாதா மாரி.

எத்தனை உட்காரல்?

ஒவ்வொரு எபிசோடும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடம். மொத்தம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிப் பார்த்தவர்களில் பலர் ‘கடைசியில் ரொம்ப அழுகை’ என்று குறை சொல்வார்கள். தவறு நேரக் கணக்கில் இருக்கிறது. தொடர் வாரம் ஒன்றாக வந்தது. ஒரு எபிசோடில் ஒருவர் உடைந்தால் அடுத்தது வருவதற்குள் பார்ப்பவருக்கு ஏழு நாள் ஆறுதல் கிடைத்தது. அதை நான்கு மணி நேரத்தில் அடைத்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அழுகை குவிந்து, பத்தாவது எபிசோடு வரும்போது மனம் மரத்துப்போயிருக்கும்.

நான்கு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 1 முதல் 3, 4 முதல் 6, 7 முதல் 9, பிறகு 10-ம் 11-ம். கடைசி இரண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டாம், பத்தாவது நிற்கும் இடம் தூங்கவிடாது. நான்காவதில் ஒரு காட்சி வரும். முதல்முறை பார்க்கும்போது சிரிப்பு வந்துவிடும், சிலர் ‘இது என்ன கூத்து’ என்று அங்கேயே நிறுத்தியும் விடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். துக்கம் எல்லாருக்கும் கண்ணியமான உருவத்தில் வருவதில்லை என்று தொடர் முதன்முதலாகக் கறாராகச் சொல்லும் இடம் அது. நண்பர்களோடு பார்ப்பதானால் அந்த நாள் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் சிரித்தால் உங்களுக்கும் சிரிப்புதான் வரும்.

2013-இல் வந்த திரைப்படத்தைத் தொடருக்குப் பதிலாகப் பார்க்காதீர்கள். இதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு. அந்தப் படம் ஓராண்டு கழித்து நடக்கிறது. பெரும்பகுதி தொடரின் காட்சிகளையே மென்மாவின் பக்கத்திலிருந்து கோத்தது. தொடரின் முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொடுத்துவிடும். தொடர் முடிந்து சில மாதம் போகட்டும். மறுநாளே போட்டால் பாதியைத் திரும்பப் பார்ப்பதாகத்தான் இருக்கும்.

பெயர்களைக் காதால் பிடியுங்கள்

ஒரு சின்னத் தாளில் இந்த ஆறையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யாதோமி ஜிந்தா (ஜிந்தான்), ஹொன்மா மெய்கோ (மென்மா), அன்ஜோ நருகோ (அனாரு), மட்சுயுகி அட்சுமு (யுகியாட்சு), ட்சுருமி சிரிகோ (ட்சுருகோ), ஹிசகாவா தெட்சுதோ (போப்போ). அடைப்புக்குள் இருப்பது சிறுவயதுப் பட்டப்பெயர், வெளியே இருப்பதில் முதலாவது குடும்பப்பெயர்.

இதை மனப்பாடம் செய்வதற்குக் காரணம் உண்டு. மென்மா தவிர மற்ற ஐவரும் எவ்வளவு விலகிவிட்டார்கள் என்பதை வசனம் சொல்வதில்லை, கூப்பிடும் பெயர்தான் சொல்கிறது. போப்போ மட்டும் எதுவும் மாறாதது போல ‘ஜிந்தான்’ என்றே கூப்பிடுவான். யுகியாட்சு ‘யாதோமி’ என்பான், பழைய நண்பனை அல்ல, வகுப்பில் யாரோ ஒருவனைக் கூப்பிடுவது போல. அனாருவுக்குத் தன் பட்டப்பெயர் காதில் விழுந்தாலே கோபம். வாய் தவறிப் பழைய பெயர் வெளியே வந்துவிடும் நொடிகள் சில இருக்கின்றன. சப்டைட்டிலில் இந்த மாற்றம் பல நேரம் தட்டையாகிவிடும். கண் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாலும் காது பெயரைத் தேடட்டும்.

மென்மாவைப் பார்ப்பதைவிட மற்ற ஐவரைப் பாருங்கள். அவள் அழகாக இருக்கிறாள், குழந்தை மாதிரிப் பேசுகிறாள், கண் அங்கேதான் போகும். ஆனால் கதை நடப்பது அவளைப் பார்க்க முடியாதவர்களின் முகத்தில். ‘மென்மாவுக்காக’ என்று ஒருவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் காதல், ஒருவருக்குப் பொறாமை, ஒருவருக்கு மன்னிப்பு. ஐவரும் அவள் சாவுக்குத் தான்தான் காரணம் என்று தனித்தனியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் மற்றவரிடம் சொன்னதில்லை. இந்தக் கணக்கு தெரிந்தால் கடைசி எபிசோடின் கூச்சலும் அழுகையும் அர்த்தமாகும். அப்போதும் அந்தக் காட்சி ஒரு சுருதி கூடத்தான்.

முன்கூட்டித் தெரிய வேண்டிய சொற்கள்

‘ஜோபுட்சு’ என்ற சொல் அடிக்கடி வரும். நேர்ப்பொருள் புத்தராதல். பேச்சு வழக்கில், இறந்தவர் பற்று எதுவும் மிச்சமில்லாமல் நிம்மதியாகப் போய்ச் சேர்வது. சப்டைட்டிலில் ‘சொர்க்கத்துக்குப் போவது’ என்று வந்தால் பாதிப் பொருள்தான் கிடைக்கும். ஆசையை ஏன் தேடி அலைகிறார்கள் என்பதற்குப் பதில் இந்தச் சொல்லில் இருக்கிறது.

கண்ணாமூச்சி ஆட்டத்தின் மூன்று வரிகளும் தெரிந்திருக்கட்டும். தேடுபவர் ‘மோ இ காய்?’ என்பார், ஆச்சா என்று பொருள். ஒளிந்துகொள்ள நேரம் வேண்டுமென்றால் ‘மாதா தா யோ’, இன்னும் இல்லை. தயார் என்றால் ‘மோ இ யோ’, ஆச்சு. இதே ‘மோ இ’ என்பதற்கு ‘இனி போதும்’ என்றும் பொருள் வரும். பதினொன்றாவது எபிசோடுக்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிட்டு உட்காருங்கள்.

வாணத்தைப் பற்றி ஒன்று. கதையில் வருவது வானில் பூவாக விரியும் வாண வேடிக்கை அல்ல. கதை நடக்கும் ஊருக்கு மாதிரி ஜப்பானின் சைதாமா மாநிலத்திலுள்ள சிச்சிபு. அங்கே யோஷிதா பகுதியில் அக்டோபர் இரண்டாம் ஞாயிறு ‘ரியூசே’ என்று ஒரு கோயில் விழா நடக்கும். மூங்கில் வளையம் இறுக்கிய மரக்குழாயில் கரிமருந்தை அடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டி, கையாலேயே செய்த ராக்கெட்டாக மேலே விடுவார்கள். பிள்ளைகள் வானத்துக்குக் கடிதம் அனுப்ப ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

இறப்பு அண்மையில் நடந்த வீட்டில் இருப்பவருக்கு இதை ‘ஆறுதலாக இருக்கும்’ என்று நீட்டாதீர்கள், முக்கியமாகப் பிள்ளையை இழந்தவருக்கு. மென்மாவின் அம்மா வரும் பகுதிகளில் தொடர் எந்த இரக்கமும் காட்டுவதில்லை. தன் மகள் மட்டும் சிறுமியாகவே நிற்க, மற்ற பிள்ளைகள் வளர்ந்து வாசலில் வந்து நிற்பதை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பதை முகத்துக்கு நேராக வைக்கிறார்கள். அவரே கேட்டால் அந்தப் பகுதிகளைப் பகலில், கூட ஒருவர் இருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

முடித்த பிறகு உடனே வேறு தொடருக்குத் தாவாமல் முதல் எபிசோடை மட்டும் மறுபடி போடுங்கள். இந்த முறை மென்மாவை விட்டுவிட்டு, ஜிந்தானின் அம்மாவைப் பற்றி ஏதாவது வருகிறதா என்று கவனியுங்கள்.