வீட்டுக்குப் பழைய கேம் கன்சோல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் எனக்கு இப்படி ஒரு போனாவது வந்துவிடும்: "பிள்ளைங்க ஆளுக்கொரு செல்போனை வச்சுக்கிட்டு மூலைக்கொருத்தரா உட்கார்ந்திருக்காங்க சார். எல்லாரும் சேர்ந்து ஆடுற மாதிரி பழைய கன்சோல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எதைப் பார்த்து வாங்கணும்?"

அருமையான யோசனைதான். டிவி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. புதுப் பெட்டிக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. தாத்தாவும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து "என் முறை, என் முறை" என்று சண்டை போடுவதைப் பார்க்கிற சந்தோஷமே தனி. ஆனால் பழைய கன்சோல்களைப் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் அடிபடுகிறார்கள். உடைந்திருக்கிறதா பாருங்கள், பேரம் பேசுங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஆடப்போவது யார் என்று யோசிக்காமல் பெட்டியை முடிவு செய்வது

"பிஎஸ்3 நல்லதா, எக்ஸ்பாக்ஸ் நல்லதா?" என்று கேட்பார்கள். (பிஎஸ் என்றால் பிளேஸ்டேஷன்.) உங்கள் வீட்டில் யார் யார் ஆடப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பாட்டியும் ஆறு வயசுக் குழந்தையும் கணக்கில் உண்டு என்றால் நின்டெண்டோ வீதான் என் பதில். 2006-இல் வந்த பெட்டி. படம் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் பொத்தான் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ரிமோட்டைக் கையில் பிடித்து மட்டையைப் போல வீசினால் பந்து போகும். நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ஜப்பானுக்கு வெளியே விற்ற முதல் பெட்டிகளோடு வீ ஸ்போர்ட்ஸ் டிஸ்க்கும் சேர்ந்தே வந்தது. பல குடும்பங்களுக்கு அந்த ஒரு டிஸ்க்கே போதும்.

வளர்ந்த பையன்கள், கிரிக்கெட், ஃபுட்பால், கார் ரேஸ் என்றால் பிஎஸ்2 அல்லது பிஎஸ்3. எதுவானாலும், அட்டையில் எத்தனை பேர் ஆடலாம் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து டிஸ்க் வாங்குங்கள். ஒருவர் ஆட நாலு பேர் வேடிக்கை பார்க்கிற கேம்தான் கடைகளில் அதிகம்.

"பின் சரியா உள்ள போச்சு சார்"

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இது.

அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவர். அவருடைய மச்சான் அமெரிக்காவிலிருந்து வரும்போது, தன் பிள்ளைகள் ஆடி முடித்த வீ பெட்டியைச் சூட்கேஸில் வைத்துக் கொண்டு வந்தார். நான்கு ரிமோட், ஒரு பை நிறைய டிஸ்க். இங்கே அந்த செட்டைத் தேடிச் சேர்ப்பது சுலபமில்லை. சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் டிவி முன்னால் கூடிவிட்டார்கள். இவர் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி சுவிட்சைப் போட்டார். டப் என்று ஒரு சத்தம், கருகிய வாடை. அவ்வளவுதான்.

வோல்டேஜ் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பின் சரியா உள்ள போச்சு சார்" என்றார்.

சிக்கலே அங்கேதான். நம்மூர்க் கடைகளில் விற்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் பாதி, எந்த நாட்டு பின்னையும் ஏற்கிற துளை உள்ளவை. அமெரிக்காவின் தட்டை பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போகாவிட்டால் எலக்ட்ரிக்கல் கடையில் சின்னதாக ஒரு கன்வெர்ட்டர் பின் கொடுப்பார்கள். அது பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். மின்சாரத்தை ஒன்றும் செய்யாது. அங்கே வருவது 120 வோல்ட், இங்கே வருவது 230. அமெரிக்க வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. அடாப்டரின் வயிற்றிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அதைத் திருப்பிப் படிக்கப் பத்து விநாடி ஆகாது.

உள்ளே என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஏசி மின்சாரத்தை அடாப்டர் முதலில் டிசியாக மாற்றும்போது, 120 வோல்ட் ஏறக்குறைய 170 வோல்ட்டாக உயர்ந்து ஒரு கெப்பாசிட்டரில் சேரும். நம்மூர் 230 அதே இடத்தில் 325-ஐத் தொடும். அமெரிக்காவுக்கென்று செய்த அடாப்டர்களில் அந்தக் கெப்பாசிட்டர் பெரும்பாலும் 200 வோல்ட் தாங்குகிற ரகம். வெடிக்காமல் என்ன செய்யும்? காவலுக்கு வேரிஸ்டர் என்ற பாதுகாப்பு உறுப்பு இருந்தால் அது ஷார்ட் ஆகி ஃப்யூஸைக் கொண்டுபோகும்.

என் எரிச்சலுக்குக் காரணம் இதற்கு அப்புறம் நடந்தது. இவ்வளவு கலவரமும் அடாப்டரின் முன்பாதியோடு முடிந்துவிடும். கன்சோலுக்குப் போவது வெறும் 12 வோல்ட் டிசி. அடாப்டர் செத்தால் அந்த 12 வோல்ட் நின்றுபோகும். பெட்டி பெரும்பாலும் தப்பித்துவிடும். அதாவது, வேறு அடாப்டர் போட்டிருந்தால் அன்று ராத்திரியே ஆடியிருக்கலாம். அவரோ பெட்டியை ஒரு கடைக்குக் கொண்டுபோக, "போர்டு போச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி, பழைய இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியவந்தபோது பெட்டி, ரிமோட், டிஸ்க் எல்லாமே போய்விட்டிருந்தன. இதே கதையை வெவ்வேறு வீடுகளில் கேட்டுவிட்டேன். ஆகவே பெட்டி புகைந்துவிட்டது என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள். அடாப்டர் வெளியே தனியாக இருக்கிற ரகமா என்று பாருங்கள். இருந்தால் நம்பிக்கை உண்டு.

அப்படியானால் என்ன செய்வது? லேபிளில் இன்புட் "100-240" என்றிருந்தால் பின்னை மட்டும் மாற்றினால் போதும். "120" என்றோ, ஜப்பான் பெட்டியில் "100" என்றோ மட்டும் இருந்தால் 230-இல் சொருகவே கூடாது. வீக்கு 230 வோல்ட் அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. அவுட்புட் 12 வோல்ட், 3.7 ஆம்பியர் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு செங்கல் மாதிரி பெரிய அடாப்டர் வரும். அதன் பிளக் மாடலுக்கு மாடல் மாறும், அதனால் பெட்டியைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். பிஎஸ்2-வின் பழைய பருமனான மாடலில் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 230-ஐ 120 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ட்ரிம்மருக்கென்று விற்கும் குட்டி ரகத்தை வாங்கிவிடாதீர்கள், அதற்குத் தாங்காது. உதாரணத்துக்கு, முதலில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இன் அடாப்டரே 203 வாட் ரகம்.

சரி, கரன்ட் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது டிஸ்க். வீயும் பிஎஸ்2-வும் எந்த வட்டாரத்துக்கு விற்றதோ அந்த வட்டாரத்து டிஸ்க்கை மட்டுமே ஏற்கும். அமெரிக்க வீயில் ஐரோப்பிய டிஸ்க்கைப் போட்டால் படிக்காது. டிஸ்க் கெட்டதில்லை, பெட்டியும் கெட்டதில்லை, இரண்டும் சேராது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஐரோப்பிய அட்டையின் மூலையில் 3, 7, 12, 16, 18 என்று வயது எண்ணாக இருக்கும். அமெரிக்க அட்டையில் பெரிதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பிஎஸ்2-வில் இந்தியா ஐரோப்பாவோடு சேர்ந்தது. பிஎஸ்3 கேம்களுக்கு அநேகமாக இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அதில் பழைய பிஎஸ்1 கேமோ படத்தின் டிவிடியோ போடும்போது மட்டும் மறுபடி தலைகாட்டும்.

வெளிநாட்டிலிருந்து அண்ணனோ அத்தையோ "பழைய கன்சோல் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சரி என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் அடாப்டர் லேபிளையும் டிஸ்க் அட்டைகளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிஸ்க் எல்லாவற்றையும் விட்டுவிடாமல் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே வந்தபின் அந்த வட்டாரத்து டிஸ்க் தேடுவது பெரும் பாடு.

"உள்ள ஐந்நூறு கேம் இருக்கு"

கம்பெனி வைத்த மென்பொருள் பூட்டை உடைத்து, ஹார்ட் டிஸ்க் நிறையத் திருட்டு கேம்களை ஏற்றிய பெட்டி. எண்ணிக்கையைக் காட்டியே விலையை ஏற்றுவார்கள். பட்டியலைப் பொறுமையாகப் பாருங்கள். நாலு பேர் ஆடக்கூடியது எத்தனை என்று எண்ணுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க் எத்தனை வருஷம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. அது போனால் ஐந்நூறும் ஒரே நாளில் போகும். நான்கு நல்ல ஒரிஜினல் டிஸ்க் உள்ள பெட்டியைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.

மெனு வந்ததுமே காசை எண்ணிக் கொடுப்பது

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் வாங்கினாலும் பக்கத்து வீட்டில் வாங்கினாலும் இதே கதை. டிவியில் மெனு வந்துவிட்டது, பெட்டி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மெனு பெட்டிக்குள்ளேயே இருப்பது. டிஸ்க் ஓடாத பெட்டியிலும் வரும். பழைய கன்சோலில் முதலில் சோர்ந்து போவது டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ்தான். ஒரு டிஸ்க்கைப் போட்டு இருபது நிமிஷமாவது ஆடிப் பாருங்கள். பெட்டி சூடானபின்தான் சில கோளாறுகள் வெளியே வரும். பிஎஸ்2-வில் இரண்டு ரக டிஸ்க் உண்டு. அடிப்பக்கம் நீலமாக இருப்பது சிடி, வெள்ளியாக இருப்பது டிவிடி. ஒன்றைப் படித்து மற்றதைப் படிக்காத பெட்டிகள் நிறைய, அதனால் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் செல்போன் டார்ச்சைக் காற்றுத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். கதகதப்பான இருட்டு என்றால் கரப்பான் பூச்சிக்குக் கொண்டாட்டம். உள்ளே அதன் எச்சமும் முட்டைக் கூடும் தெரிந்தால் வேண்டவே வேண்டாம். போர்டில் எங்கெங்கே அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

கன்ட்ரோலரை ஓரக்கண்ணால் பார்ப்பது

பெட்டியை விட கன்ட்ரோலர்தான் சீக்கிரம் தேயும். நாலு பேர் ஆட நாலு வேண்டும்; தனித்தனியாக வாங்கினால் பெட்டியின் விலையைத் தொட்டுவிடும். கட்டைவிரலால் அசைக்கும் குச்சியைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். திரையில் ஆள் தானாக நகர்ந்தால் அது தேய்ந்துவிட்டது. பிஎஸ்3 கன்ட்ரோலரில் போலி கணக்கில்லாமல் உலவுகிறது. புதிதுபோல் மின்னுவதை விட, பொத்தானில் கொஞ்சம் தேய்மானம் உள்ள பழைய ஒரிஜினலை நான் அதிகம் நம்புவேன்.

வீ ரிமோட்டின் முதுகுமூடியைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரியை உள்ளேயே விட்டு வருஷக்கணக்கில் மூலையில் கிடந்திருந்தால் கம்பிச்சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். லேசாக இருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்துச் சரி செய்யலாம். சுருளே இற்றுப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். டிவி மேல் வைக்கிற சென்சார் பார் வேலை செய்கிறதா என்று பார்க்க, செல்ஃபி கேமராவை அதன்முன் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் பெரும்பாலான போன்களின் திரையில் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும்.

டிவியின் முதுகைப் பார்க்காதது

பிஎஸ்2-வும் வீயும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் கேட்கும். புது டிவிகள் பலவற்றில் அந்த மூன்று துளைகளே இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360-இல்கூட 2005, 2006-இல் வந்தவற்றில் ஹெச்டிஎம்ஐ கிடையாது. வீக்கு, பின்னால் சொருகும் விரல் நீள ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் கிடைக்கிறது. படம் வந்ததும் டிவி செட்டிங்கில் கேம் மோடு போடுங்கள். போடாவிட்டால் கையை வீசிக் கொஞ்சம் கழித்துத்தான் திரையில் மட்டை அசையும். பெரியவர்கள் "எனக்கு வரல" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். கோளாறு டிவியில்தான் இருக்கும்.

பழைய பருமனான எக்ஸ்பாக்ஸ் 360

வேண்டாம். சிவப்பு விளக்கு மூன்று எரிந்து செத்துப்போகும் நோய் அதற்குத்தான். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு வாரன்டியை மூன்று வருஷமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. 2010-இல் வந்த மெலிந்த மாடலை வாங்குங்கள்.

கினெக்ட்

எக்ஸ்பாக்ஸ் 360-இல் கன்ட்ரோலர் இல்லாமல் உடம்பை அசைத்தே ஆட வைக்கிற கேமரா சென்சார் இது. ஹாலை அளந்த பிறகு வாங்குங்கள். ஒருவர் ஆட சென்சாரிலிருந்து 6 அடி தள்ளி நிற்க வேண்டும், இரண்டு பேர் என்றால் 8 அடி.

பிஎஸ்2-வுக்கு மெமரி கார்டு

இல்லாமல் வாங்காதீர்கள். எதையும் சேமிக்க முடியாது.

"கேமை அப்புறம் டவுன்லோடு பண்ணிக்கலாம்"

வீயின் ஆன்லைன் கடை 2019 ஜனவரியில் மூடியாயிற்று. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலையில். விற்பவர் தன் கணக்கில் வாங்கிய கேம்கள் உங்களுக்குச் சொந்தமாகாது. எதிரிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, அப்புறமும் எது ஓடுகிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள்.

ரிமோட்டின் வாரை மாட்டாமல் ஆடுவது

வீ வந்த புதிதில் வார் அறுந்து ரிமோட் பறந்ததால், 2006 டிசம்பரில் நின்டெண்டோ 32 லட்சம் வார்களை மாற்றித் தர நேர்ந்தது. அந்தக் காலத்து மெல்லிய வார் இருந்தால் தடித்ததாக மாற்றுங்கள். உயரமானவர்கள் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். ஆடுகிறவருக்குப் பின்னால் சின்னப் பிள்ளை நிற்கவே கூடாது. கை பின்னால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஆடுகிறவருக்குத் தெரியாது.