பழைய ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்யும் முறை

மும்பை சோர் பஜாரிலிருந்து வாங்கி வந்த 1970-களின் ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர், சான்சுயியோ பயனியரோ, எதுவானாலும் "ஓடுதா பார்ப்போம்" என்று நேராக ப்ளக்கில் செருகாதீர்கள். முதலில் பின்பக்கம் பாருங்கள். ஜப்பானிலேயே விற்கப்பட்டவை 100 வோல்ட்டுக்கானவை; அவற்றுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வோல்டேஜ் செலக்டர் இருந்து, 220, 240 இரண்டும் அதில் இருந்தால் 240-ல் வையுங்கள்.

அடுத்து, ஃபேஸ் ஒயரில் தொடராக ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென எரிந்து ஓரிரு வினாடியில் மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். பெரும்பாலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் அல்லது ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர். ஃபியூஸ் போயிருந்தால் பெரிய ஃபியூஸ் போட்டு ஏமாற்ற வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள்.

மூடியைத் திறந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு முனைக்கும் நடுவே ஒரு நிமிடம் பிடித்து, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது பழைய மெக்கானிக் பழக்கம், வேண்டாம்.

கரகரப்புக்கு மும்பையின் கடல் ஈரம்தான் பாதி காரணம். வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் திறப்பில் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, முப்பது முறையாவது முழுதாகத் திருப்புங்கள். சாதாரண துரு நீக்கும் ஸ்ப்ரே பிசுபிசுப்பை விட்டுச் செல்லும். ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போனால் ஸ்பீக்கரை இணைக்கும் மின்சுவிட்சான ரிலேயின் முனைகள் கறுத்திருக்கும்: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை நடுவே வைத்து இழுங்கள், உப்புத்தாள் ஆகாது. இரு பக்கமும் ஊமையானால், பிரித்துப் போடும் முன், டேப் ரெக்கார்டரின் ஒலியை மட்டும் கேட்க வைக்கும் டேப் மானிட்டர் பொத்தான் அமுங்கியிருக்கிறதா பாருங்கள்!

கண்டென்சர்களை ஒட்டுமொத்தமாகப் பிடுங்காதீர்கள். ஒரு சேனலை முடித்து, பல்பில் சோதித்து, பிறகு அடுத்தது. மைக்ரோஃபாரட் அதே மதிப்பு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி சூடு தாங்கும் வகை. 25 வோல்ட் இடத்தில் 35 போடலாம், 16 கூடாது. ப்ளஸ்-மைனஸ் மாறினால் வெடிக்கும், ஆகவே பிடுங்கும் முன்பே போட்டோ எடுங்கள். மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான லேமிங்டன் ரோட்டில் போலிகளும் புழங்கும். வாங்கியதை மீட்டரில் அளந்து பாருங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டரில் போலி இன்னும் அதிகம். பலகையில் பழுப்பாகிப் போன பழைய பசை இருந்தால் சுரண்டி எடுங்கள்: அது நாளடைவில் ரெசிஸ்டர் கால்களை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும்.

கடைசியாக அளவுகள். பல்பை நீக்கி, ஸ்பீக்கரோ இன்புட்டோ இல்லாமல், வால்யூம் பூஜ்ஜியத்தில், ஸ்பீக்கர் முனையில் டிசி அளவு எடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கர் இணைக்கவே வேண்டாம். இருபது நிமிடம் சூடாக விட்டு பயஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டத்தை, அதன் எமிட்டர் காலில் உள்ள ரெசிஸ்டரின் குறுக்கே பாருங்கள்: 0.47 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் 21 மில்லியாம்ப். சரியான அளவை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல்தான் சொல்லும். பயஸைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகான ட்ரிம்மரை மயிரிழையாகத் திருப்புங்கள். பழைய ட்ரிம்மர் தொடர்பு விட்டால் நொடியில் அவுட்புட் டிரான்சிஸ்டர் கருகும், எனவே சந்தேகம் வந்தால் புதியது மாற்றி, பழையதன் ஓம் அளவிலேயே வைத்துத் தொடங்குங்கள். முதல் பாட்டுக்கு விலை குறைந்த ஸ்பீக்கரே போதும்.