ஜிபிஏ, சிஜிபிஏ: ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் ஏதோ ஒரு ஆப்பில் கிரேடுகளைத் தட்டி, அது காட்டும் ஜிபிஏவை, அதாவது அந்த செமஸ்டரின் சராசரிப் புள்ளியை, அப்படியே நம்பிவிடுகிறோம். ஒரு தாளும் பேனாவும் எடுத்து ஒரே ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், எந்தப் பாடம் உங்களைக் கீழே இழுக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த வருட விதிமுறையில், படிப்பவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

ஓ கிரேடுக்கு 10 புள்ளி, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. யு வந்தால் ஃபெயில், மறுபடி எழுத வேண்டிய அரியர். மார்க் கிரேடாக மாறிவிட்ட பிறகு மார்க்குக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. வேலை முழுக்க கிரெடிட்டுக்குத்தான், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் கொடுத்திருக்கும் எடைக்கு.

ஐந்து பாடம் மட்டும் எடுத்துக்கொள்வோம். கணிதம் 4 கிரெடிட், பி பிளஸ். இயற்பியல் 3 கிரெடிட், ஏ. ஆங்கிலம் 3 கிரெடிட், ஏ பிளஸ். பைத்தான் 3 கிரெடிட், பி. லேப் 2 கிரெடிட், ஓ. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டைப் புள்ளியால் பெருக்கினால் 28, 24, 27, 18, 20 என்று வரும், கூட்டினால் 117. மொத்த கிரெடிட் 15. 117ஐ 15ஆல் வகுத்தால் 7.8, அதுதான் ஜிபிஏ. வெறுமனே ஐந்து புள்ளிகளையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 8 வரும், அது தப்பு. லேபில் வாங்கிய ஓ, கணிதத்தில் விட்டதை ஈடுகட்டாது, ஏனென்றால் கணிதத்துக்கு லேபைப் போல இரண்டு மடங்கு எடை. அதனால் பரீட்சைக்கு முன்னால் நேரம் குறைவு என்றால், முதலில் 4 கிரெடிட் பாடத்தை எடுங்கள்.

சிஜிபிஏவும் இதே கணக்குதான், எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து. முதல் செமஸ்டர் 15 கிரெடிட்டில் 7.8, அடுத்தது 25 கிரெடிட்டில் 8.6 என்றால், 117 கூட்டல் 215, மொத்தம் 332, வகுத்தல் 40, விடை 8.3. இரண்டு ஜிபிஏவையும் கூட்டிப் பாதியாக்கினால் 8.2 என்று வரும், அப்படிச் செய்யாதீர்கள்.

அரியர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் யு வாங்கிய பாடத்தை ஜிபிஏ கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மேலே சொன்ன அதே மாணவர் கணிதத்தில் மட்டும் ஃபெயில் ஆகியிருந்தால் 89ஐ 11ஆல் வகுத்து 8.09 என்று காட்டும், பாஸ் ஆனவரைவிட அதிகம்! பிறகு அந்த அரியரை சி கிரேடில் முடித்தால் 109 வகுத்தல் 15, அதாவது 7.27. திடீரென்று குறைந்துவிட்டதே என்று பதறுவதில் அர்த்தமில்லை, அதுதான் உண்மையான எண், முன்பு தெரிந்தது அரைகுறைக் கணக்கு. வேறு பல்கலைக்கழகம் என்றால் ஃபெயிலைச் சுழியாகச் சேர்க்கிறார்களா என்று உங்கள் ரெகுலேஷனைத் திறந்து பாருங்கள்.

அப்புறம், இலக்கு வைப்பது. 120 கிரெடிட் முடிந்து சிஜிபிஏ 7.9 இருக்கிறது, இன்னும் 45 கிரெடிட் பாக்கி, 8.0 வேண்டும் என்று வையுங்கள். மொத்தம் 165ஐ 8ஆல் பெருக்கினால் 1320, கையில் இருப்பது 948, மீதி 372ஐ 45ஆல் வகுத்தால் 8.27. உழைத்தால் கிடைக்கும். டிஸ்டிங்ஷனுக்கான 8.5 வேண்டும் என்றால் 10.1 எடுக்க வேண்டும், எல்லாப் பாடத்திலும் ஓ வாங்கினாலும் முடியாது. இதை மூன்றாம் வருட முடிவில் தெரிந்துகொள்வதைவிட இரண்டாம் வருடத்திலேயே போட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றும்போது 9.5ஆல் பெருக்காதீர்கள். அது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு வைத்திருந்த கணக்கு. கர்நாடகாவின் விஸ்வேஸ்வரய்யா பல்கலைக்கழகம் 2018 திட்டத்தில் 0.75ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கச் சொன்னது. அதே 8.0, ஒரு கணக்கில் 76, இன்னொன்றில் 72.5. வேலைக்கோ மேல்படிப்புக்கோ விண்ணப்பிக்கும் முன் உங்கள் பல்கலைக்கழகம் எந்தக் கணக்கைச் சொல்கிறது என்று மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்திலோ ரெகுலேஷனிலோ தேடுங்கள், கிடைக்காவிட்டால் தேர்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.