வன்னிக்கு அரிய பறவை வந்தால் அன்றைக்கே தெரிந்துகொள்ள

கட்டுக்கரைக்குளத்தில் விடிய என்ன வந்து இறங்கியது என்று வவுனியாவில் இருந்துகொண்டே அறியலாம். அதற்கு ஃபோனில் இ-பேர்ட் செயலி வேண்டும், இலவசம்தான். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வுகூடம் 2002இல் தொடங்கியது, உலகெங்கும் பறவை பார்க்கிறவர்கள் கண்டதை அதில்தான் பதிகிறார்கள்.

கணக்குத் திறந்த கையோடு அதன் இணையத்தளத்துக்குப் போய், அரிய பறவைகளுக்கான அறிவிப்பில் இலங்கையைத் தெரிவுசெய்யுங்கள். மின்னஞ்சல் நாளுக்கு ஒன்றா, மணிக்கு ஒன்றா என்று கேட்கும். வலசைப் பறவைகள் வந்து நிற்கும் ஐப்பசி முதல் பங்குனி வரை மணிக்கு ஒன்று வையுங்கள், மற்ற மாதங்களுக்கு நாளுக்கு ஒன்று போதும். நீங்கள் இன்னும் காணாத பறவைகளுக்கு மட்டும் தனி அறிவிப்பும் இருக்கிறது, அதையும் போட்டு வையுங்கள்.

மின்னஞ்சல் வந்ததும் பஸ் ஏறிவிடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் பதிவு உறுதியானதா இல்லையா என்று இருக்கும். உறுதியாகாவிட்டால் பதிவைத் திறந்து, படம் இருக்கிறதா, கண்டவர் என்ன அடையாளம் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் அந்தப் பறவையின் வரைபடம். கிட்டப் பெரிதாக்கினால் குறிகள் தெரியும்: சிவப்பு என்றால் கடந்த 30 நாளுக்குள் கண்டது, நீலம் பழையது. குறியே இல்லாத குளத்தில் பறவை இல்லை என்று நினைக்க வேண்டாம், போய்ப் பார்த்து எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான். நந்திக்கடல், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், உங்கள் ஊர்க் குளத்தை உங்களைவிட யார் அடிக்கடி பார்க்கப் போகிறார்கள்?

எழுதுவது லேசு. வீட்டில் வைஃபை இருக்கும்போதே இலங்கைக்கான பறவைத் தொகுப்பை இறக்கி வையுங்கள். குளக்கட்டில் ஏறியதும் பட்டியலைத் தொடங்குங்கள், டேட்டா தேவையில்லை, ஃபோனின் ஜிபிஎஸ் நடந்த தூரத்தையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்ளும், சிக்னல் வந்த பிறகு அனுப்பலாம். கூழைக்கடா 14, நீர்க்காகம் 30 என்று எண்ணிப் போடுங்கள். 'நிறைய' என்று எழுதினால் யாருக்கும் உதவாது. காகத்தையும் மைனாவையும் விடாமல் போடுங்கள், முழுப் பட்டியலுக்குத்தான் மதிப்பு.

அரிதான பெயரைப் போட்டால் விவரம் கேட்கும். அங்கே அவசரப்படக் கூடாது. மன்னார்த் தாம்போதிக்கு அருகே முள்மரத்தில் இருந்த ஒன்றை நெடுவால் கீச்சான் என்று பதிந்துவிட்டேன், பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் படத்தை மறுபடி பார்க்கச் சொன்னார். பெரிதாக்கிப் பார்த்தால் உச்சியிலிருந்து வால் வரை ஒரே பழுப்பு, நெடுவாலுக்கு இருக்க வேண்டிய சாம்பல் முதுகு இல்லை. அது பழுப்புக் கீச்சான். திருத்திவிட்டேன். இப்போதெல்லாம் முதுகு, வால், கால் மூன்றையும் கமராவில் எடுக்காமல் பெயர் போடுவதில்லை. சந்தேகம் என்றால் மெர்லின் செயலியில் படத்தைக் கொடுத்துப் பாருங்கள், ஆனால் அது சொல்வதை முடிவாக எடுக்காதீர்கள். கௌதாரி போலக் குரல் மட்டும் கேட்கிறதென்றால் ஃபோனில் ஒலிப்பதிவு செய்து சீனோ-கான்டோ தளத்தில் உள்ள குரல்களோடு ஒப்பிடலாம்.

கூட்டின் இடத்தை மட்டும் எங்கேயும் போடாதீர்கள். ஆபத்திலுள்ள சில இனங்களின் இடத்தை இ-பேர்டும், எல்லா உயிரினங்களையும் பதியும் ஐ-நேச்சுரலிஸ்ட் தளமும் தாங்களே மறைத்துவிடும், ஆனால் நீங்கள் முகநூலில் படத்தோடு இடத்தையும் போட்டால் அந்த மறைப்பால் என்ன பயன்? குஞ்சுகள் பறந்த பிறகு போடுங்கள்.

வரைபடத்தில் குறி எங்கே விழுந்திருந்தாலும், தரவையிலோ பற்றைக்காட்டிலோ மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றால் அதைத் தாண்டக் கூடாது, கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. வீதியில் நின்றே பார்க்கத் தொலைநோக்கி போதும்.