பாண்டி பஜாரை நடந்து பார்க்க

பெட்டியில் பாதியைக் காலியாக வைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள் பலரும் அதை சென்னை தி.நகரில் (தியாகராய நகரில்) நிரப்பத்தான் அப்படி வருகிறார்கள். வந்த வேகத்தில் நேராக ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்துவிடுவார்கள். குழந்தை அழும், அம்மாவுக்கு மூச்சு முட்டும், அரை நாளில் எல்லோரும் ஓய்ந்துபோய் வீடு திரும்புவார்கள். வயதானவர்களோ வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளோ உடன் இருந்தால் பாண்டி பஜாரில் தொடங்குங்கள். தி.நகரில் நிதானமாக நடந்தபடியே கடை பார்க்க முடிகிற பெரிய சாலை அது ஒன்றுதான்.

வரைபடத்தில் தியாகராய சாலை என்று இருக்கும். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்ற பெயரும் உண்டு. ஆட்டோக்காரரிடம் பாண்டி பஜார் என்று சொன்னால் போதும். மேற்கே பனகல் பூங்காவில் தொடங்கி, கிழக்கே தேனாம்பேட்டையில் அண்ணா சாலையைத் தொடுகிறது.

நூறு வருடங்களுக்கு முன் இங்கே சாலை இல்லை, ஏரிதான் இருந்தது. மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த அந்த ஏரியில் வெள்ளைக்காரர்கள் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் ஏரியை வற்றவைத்து, மனைகள் பிரித்து, புதிய நகரை அமைத்தார்கள். கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர் 1925-ல் இறந்தார். நகருக்கும் சாலைக்கும் அவர் பெயர்தான். அப்போதைய முதன்மை அமைச்சர் பனகல் அரசர் பெயரில் பூங்கா. தியாகராயரோடு கட்சியைத் தொடங்கிய மற்ற இருவரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: டாக்டர் நாயர் சாலையில் டி.எம்.நாயர், நடேசன் பூங்காவில் சி.நடேசனார். பள்ளியில் தமிழக வரலாறு படிக்காத பிள்ளைகளுக்கு தி.நகரின் தெருப்பலகைகளை வைத்தே திராவிட அரசியலின் தொடக்கத்தைச் சொல்லிவிடலாம். கேட்கிற பொறுமை அவர்களுக்கு இருக்குமா என்பது வேறு கதை.

பழைய சினிமா ரசிகர்கள் உடன் வந்தால், நடிகை டி.ஆர்.ராஜகுமாரி தன் பெயரிலேயே கட்டிய தியேட்டர் இந்தச் சாலையில் இருந்ததைச் சொல்வார்கள். அது இப்போது இல்லை. ஈழத்துப் பெரியவர்களுக்கோ பாண்டி பஜார் என்றால் ஞாபகம் வருவது 1982 மே 19. ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரன், உமாமகேஸ்வரன் தரப்புகளுக்கு இடையே துப்பாக்கிச் சூடு நடந்தது இங்கேதான். சாலையிலிருந்து தெற்கே திரும்பும் போக் சாலைக்கு இப்போது செவாலியே சிவாஜி கணேசன் பெயர். அவருடைய அன்னை இல்லம் அதில்தான் இருக்கிறது.

இருபது வருடங்களுக்கு முன் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு இந்தச் சாலை அடையாளமே தெரியாது. அப்போது நடைபாதை முழுக்கக் கடைகள். வளையல், ஹேர்பின், நைட்டி, செருப்பு எல்லாம் தரையிலேயே விரித்திருக்கும், நடப்பவர்கள் வண்டிகளுக்கு நடுவே இறங்கித்தான் போக வேண்டும். 2013-ல் அந்த வியாபாரிகளை மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் வாகனங்களை நிறுத்திச் சாலையைச் சில நாட்கள் நடப்பவர்களுக்கு மட்டும் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவில், நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. பழைய பேரம் வேண்டுமென்றால் வணிக வளாகத்துக்குள் போங்கள். ஏசிக்கடை விலையைக் கேட்டு மயங்குவதைவிட அது மேல்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, வாகனமே வராத ஐரோப்பிய வீதி என்று நினைத்து வராதீர்கள். நடுவில் பேருந்தும் ஆட்டோவும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாறியது இரண்டு ஓரமும்தான். பல இடங்களில் வண்டிக்கு விட்டதைவிட நடப்பவர்களுக்கு விட்டது அகலமாகத் தெரியும். உட்கார இருக்கைகள், மரநிழல், பிள்ளைகள் ஏறி விளையாடச் சில சாதனங்கள் உண்டு. ஒரு கடைக்குள் ஒரு மணி நேரம் புடவை பார்க்கும்போது அப்பா வெளியே உட்கார்ந்திருக்கலாம், இந்தப் பகுதியில் அது பெரிய வசதி. குறையும் உண்டு. நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் ஏறிவிடுகின்றன, தரைக்கடைகளும் மெல்லத் திரும்பியிருக்கின்றன. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் அங்கங்கே வண்டியை நகர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் நகர்த்துவார்கள். இந்த அகலமும் தணிகாசலம் சாலைச் சந்திப்பு வரைதான். அங்கிருந்து திரும்பிவிடுவது நல்லது.

காரில் வந்தே ஆக வேண்டுமென்றால், தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. ஆனால் ரயில்தான் என் தேர்வு. விமான நிலையத்திலிருந்து நீல வழி மெட்ரோவில் ஏறினால் மாறாமல் தேனாம்பேட்டை வந்துவிடலாம், அங்கிருந்து ஆட்டோ. புறநகர் ரயில் என்றால் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் நிலையம், இறங்குவது மாம்பலம். 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைமேம்பாலம் மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் மேலேயே நடந்து போய்விடலாம். ஆனால் இறங்குவது உஸ்மான் சாலையின் தெற்குப் பக்கம். பனகல் பூங்காவுக்கு வடக்கே இன்னும் நடக்க வேண்டும், பெரியவர்கள் இருந்தால் ஆட்டோ பிடியுங்கள். இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகப் பனகல் பூங்காவில் நிலத்தடி நிலையம் அமைக்கிறார்கள். அந்த வேலையால் சுற்றிலும் பாதை அவ்வப்போது மாறும். கைபேசி காட்டும் வழியைவிட ஓட்டுநர் சொல்வதை நம்புங்கள்.

வார நாளில் கடை திறக்கும் நேரமாகப் பார்த்து, காலை பத்தரைக்குப் போய்விடுங்கள். ஞாயிறு மாலையும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டுமென்றால் வந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், சொன்ன தேதியில் கிடைக்காது. தரைக்கடைகளில் ஜிபேயோ ரொக்கமோதான், வெளிநாட்டு அட்டை செல்லாது. நூறு ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும்.

சாலையைக் கடக்கும்போது அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கவனம்: வண்டி முதலில் உங்கள் வலப்பக்கமிருந்து வரும். லண்டன், சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது பழக்கம்தான், இருந்தாலும் எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்காக அவர்களும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏரி இருந்த இடமல்லவா, தண்ணீர் திரும்ப வந்து நிற்கும். 2021 நவம்பரில் தி.நகர் நாட்கணக்கில் நீரில் கிடந்தது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் தி.நகர் வேலையைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காமல், வெயில் அடிக்கிற முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள்.